ஒலிவ மரங்களின் தீவில் பத்து நாட்கள்

எங்கள் சின்ன வயதில் ஆலிவ் எண்ணெய் மருந்துக் கடையில்தான் கிடைக்கும். கைக்கு அடக்கமான குட்டி டின். பிள்ளை பெற்ற வீட்டில், குழந்தைக்குத் தேய்த்துவிட என்று பத்திரமாக அலமாரியில் வைத்திருப்பார்கள். இன்றைக்கோ தெருக்கோடி மளிகைக் கடையிலேயே ஐந்து விதமான பாட்டில்கள்! ‘இதயத்துக்கு நல்லது’ என்று மேலே ஒரு சீட்டு வேறு.

இத்தனை பேர் பேசுகிற அந்த எண்ணெயின் சொந்த ஊரையே பார்த்து வரும் வாய்ப்பு 2023 அக்டோபர் கடைசியில் எங்களுக்குக் கிடைத்தது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மகள், ஏழு வயதுப் பேத்தி, என் கணவர், நான் என்று நாலு பேர். என் கணவருக்கு அதற்கு மூன்று வருஷம் முன்னால்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அன்று முதல் எங்கள் வீட்டுச் சமையலறையில் எண்ணெய், கரண்டிக் கணக்கில்தான். அதனால் ‘எண்ணெய்த் தீவு’க்குப் போகிறோம் என்றதும் எனக்குச் சந்தோஷம் ஒரு பங்கு, பயம் இரண்டு பங்கு.

எங்கே இருக்கிறது கிரீட்?

கிரேக்க நாட்டின் தீவுகளிலேயே பெரியது கிரீட். மத்தியதரைக் கடலின் நடுவே கிழக்கு மேற்காக சுமார் 260 கிலோமீட்டர் நீளம் நீட்டிப் படுத்திருக்கிறது. அகலம் என்று பார்த்தால், மிகக் குறுகலான இடத்தில் 12 கிலோமீட்டர்தான். நம் தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு. அதற்குள்ளேயே 2,400 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலைகள், கடற்கரை, பள்ளத்தாக்கு, ஏரி எல்லாம் உண்டு. குளிர்காலத்தில் மலை உச்சியில் பனி மூடியிருக்குமாம். நாங்கள் போனபோது வெயில் இதமாக இருந்தது. ஊட்டிக்கும் சென்னைக்கும் நடுவில் ஒரு ஊர் இருந்தால் எப்படியிருக்கும், அப்படி!

ஏதென்ஸ் வரை விமானத்தில் போய், அங்கிருந்து இன்னொரு விமானத்தில் ஹானியா என்ற ஊரில் இறங்கினோம். தீவின் மேற்குக் கோடியில் உள்ள அழகான துறைமுகப் பட்டணம் அது. வெனிஸ்காரர்கள் ஆண்ட காலத்துக் கட்டிடங்களும், பழைய கலங்கரை விளக்கமும் தண்ணீரில் நிழல் விழ நிற்கின்றன. மகள் காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டாள். சாலையின் இரண்டு பக்கமும் ஆலிவ், ஆலிவ், ஆலிவ்! மலைச் சரிவு, வீட்டுக் கொல்லை, பள்ளிக்கூட வாசல், ஒன்று பாக்கியில்லை. நம் தஞ்சாவூர்ப் பக்கம் வயல் தெரிகிற மாதிரி, அங்கே கண்ணுக்கு எட்டின மட்டும் சாம்பல் பூத்த பச்சை. காற்றடித்தால் இலைகள் திரும்பி வெள்ளியாக மின்னுகின்றன.

மல்லிகைக்கு உறவு

தமிழில் வேதாகமம் படிப்பவர்களுக்கு இது ‘ஒலிவ மரம்’. தாவர சாஸ்திரப்படி மல்லிகையும் ஆலிவும் ஒரே குடும்பம் என்று மகள் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. “நம்ம பவளமல்லி கூட அந்தக் குடும்பம்தாம்மா” என்றாள். தலையில் வைக்கும் பூவும், தலைக்கு வைக்கும் எண்ணெயும் சொந்தக்காரர்கள்!

கொலிம்பாரி என்ற கடலோர ஊருக்கு அருகே, வூவெஸ் என்ற குக்கிராமத்தில் தங்கினோம். அங்கே உலகப் புகழ் பெற்ற ஓர் ஆலிவ் மரம் இருக்கிறது. அடிமரத்தின் சுற்றளவே பன்னிரண்டு மீட்டருக்கு மேல். குறைந்தது 2,000 வருஷத்து மரம் என்கிறார்கள். இன்னும் அதிகம் சொல்பவர்களும் உண்டு. சரியான வயதைக் கணக்கிட முடியாததற்குக் காரணம், மரத்தின் நடு வைரம் உளுத்துப் போய்விட்டதுதான். எண்ணுவதற்கு வளையங்களே இல்லை. உள்ளே குகை மாதிரிக் கோறையாக இருக்கிறது. என் பேத்தி உள்ளே புகுந்து நின்றுகொண்டு, “பாட்டி, நான் மரத்தோட வயித்துக்குள்ள இருக்கேன்!” என்று கூவினாள்.

வயிறு காலியாக இருந்தும் மரம் இன்னும் காய்க்கிறது! 2004-ல் ஏதென்ஸில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களில் வென்றவர்களுக்குச் சூட்டிய இலை வளையங்களுக்கு இந்த மரத்தின் கிளைகளையும் வெட்டி எடுத்தார்களாம். 1997-லேயே இதை இயற்கைச் சின்னமாக அறிவித்து வேலி போட்டுப் பாதுகாக்கிறார்கள். பக்கத்தில் சின்னதாக ஒரு காட்சிசாலை. பழைய மரச்செக்கு, கல் உருளை, மண் ஜாடிகள் என்று நம் ஊர்ச் செக்கடியை நினைவூட்டும் சாமான்கள்.

முதல் எண்ணெய்

ஆலிவ் காயை மரத்திலிருந்து பறித்து வாயில் போட்டால் வேப்பங்காய்தான்! அவ்வளவு கசப்பு. உப்புத் தண்ணீரில் வாரக் கணக்கில் ஊறப்போட்டு, நம் மாவடு மாதிரிப் பதப்படுத்தினால்தான் தின்ன முடியும். பச்சை ஆலிவ் வேறு, கறுப்பு ஆலிவ் வேறு ஜாதி என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அப்படியில்லை. பச்சையாக இருப்பது காய். பழுத்தால் ஊதாவாகி, பிறகு கறுக்கும்.

கிரீட்டில் எண்ணெய்க்காக அதிகம் பயிராவது ‘கொரொனேய்கி’ என்ற பொடிக் காய். அறுவடை அக்டோபர் கடைசியில் மெள்ள ஆரம்பித்து ஜனவரி வரை போகும். மரத்தடியில் வலையை விரித்து, நீண்ட கோலில் பொருத்திய சுழலும் விரல்களால் கிளைகளைத் தட்டுகிறார்கள். சடசடவென்று மழை மாதிரி காய்கள் விழுகின்றன. பெண்கள் மண்டியிட்டு, இலையும் குச்சியும் பொறுக்கி எறிந்து மூட்டை கட்டுகிறார்கள். நம் ஊரில் நிலக்கடலை ஆய்கிற காட்சியேதான்.

அன்றைக்கே ஆலைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். மூட்டையில் கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும். ஆலையில் கழுவி, கொட்டையோடு அரைத்து, விழுதை மெதுவாகப் பிசைந்து, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் விட்டு எண்ணெய், தண்ணீர், பிண்ணாக்கு என்று தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். விழுது 27 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய ஐந்து கிலோ காய் தேவை.

குழாயிலிருந்து கரும்பச்சையாக எண்ணெய் வழிந்தபோது, ஆலைக்காரர் ஒரு ரொட்டித் துண்டை நனைத்துக் கொடுத்தார். முதலில் பச்சைப் புல் வாசனை. அடுத்து லேசான கசப்பு. தொண்டையில் இறங்கும்போது மிளகு மாதிரி ஒரு காரல். எனக்கு இருமல் வந்துவிட்டது. அவருக்கு ஒரே குஷி! நல்ல புது எண்ணெய் என்றால் இருமல் வர வேண்டுமாம். எண்ணெயைக் கெடாமல் காக்கும் சத்துகள்தான் அந்தக் காரலைத் தருகின்றன. வருஷக் கணக்கில் கடையில் வெளிச்சத்தில் நின்ற பாட்டிலில் அது இருக்காது.

ஆனால் ஆலை அன்று பாதி நேரம் சும்மாவே இருந்தது. அந்த வருஷம் காய்ப்பு குறைவு. குளிர்காலத்தில் போதிய குளிர் இல்லாததால் பூ சரியாகப் பிடிக்கவில்லையாம். கிரேக்க நாடு முழுவதுமே அந்த வருஷம் எண்ணெய் விளைச்சல் சரிந்தது; விலை ஏறியது. “மரம் ரெண்டாயிரம் வருஷம் இருக்கும். அதை நம்பி இருக்கிற நாங்க இருப்போமா?” என்று ஆலைக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார். கண் சிரிக்கவில்லை.

திராட்சையின் ஊர்

அடுத்த மூன்று நாள் தீவின் நடுப் பாகத்தில் இருந்தோம். தலைநகர் ஹெராக்லியனிலிருந்து தெற்கே 15 கிலோமீட்டரில் அர்ஹானெஸ் என்ற ஊர். வண்ண வண்ண வீடுகள், பூந்தொட்டிகள், சுற்றிலும் திராட்சைக் கொடிகள். ஊருக்கு எதிரே யூக்தாஸ் என்ற மலை. தூரத்திலிருந்து பார்த்தால் மல்லாந்து படுத்திருக்கும் மனிதனின் முகம் மாதிரியே இருக்கிறது. தேவராஜனான ஜீயஸ் படுத்திருக்கிறான் என்பது அவர்கள் ஐதீகம். பேத்திக்கு மூக்கு எது, தாடி எது என்று கண்டுபிடிப்பதே வேலையாகிவிட்டது.

அறுவடை முடிந்து கொடிகள் மஞ்சளும் சிவப்புமாகப் பழுத்திருந்தன. பக்கத்தில் வாதிபெத்ரோ என்ற இடத்தில் சுமார் 3,500 வருஷத்துக்கு முந்தைய ஒரு பெரிய வீட்டின் அடிவாரம் இருக்கிறது. அங்கே திராட்சையைக் காலால் மிதித்துச் சாறு எடுத்த மண் தொட்டி இன்னும் உட்கார்ந்திருக்கிறது. தொட்டிக்கு ஒரு மூக்கு. அதற்குக் கீழே சாறு பிடிக்கும் பாத்திரம். எண்ணெய் பிழிந்த இடமும் அதே வளாகத்தில். எந்தப் பெண்மணி அந்தத் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தாளோ என்று நினைத்துக்கொண்டேன்.

நமக்குப் பாயசத்துக்கு வேண்டிய உலர் திராட்சைக்கும் இங்கே ஒரு கதை உண்டு. 1923-ல் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடுவே மக்களைப் பரிமாறிக்கொண்டார்கள். வீடு வாசலை விட்டு அகதிகளாக வந்த குடும்பங்கள் கொட்டையில்லாத திராட்சையை உலர்த்தும் கைப்பக்குவத்தைக் கூடவே கொண்டுவந்தன. பொட்டாஷ் கரைத்த தண்ணீரில் கொஞ்சம் ஆலிவ் எண்ணெய் விட்டு, குலையை அதில் முக்கி எடுப்பார்கள். தோலின் மேலிருக்கும் மெழுகு போய், வெயிலில் சீக்கிரம் உலரும். நிறமும் பொன்னாக இருக்கும். எல்லாம் இழந்து வருகிறவர்கள் கையில் மிஞ்சுவது தொழில்தான், இல்லையா?

ஒரு தோட்டத்தில் திராட்சை மது தயாரிக்கும் கிடங்கையும் காட்டினார்கள். எங்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இவர் மட்டும் கிளாஸை மூக்கருகே கொண்டுபோய், “வாசனைக்கு டாக்டர் தடை போடலையே!” என்றார். ‘தினம் ஒரு கிளாஸ் ஒயின் இதயத்துக்கு நல்லது’ என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எந்த அளவு மதுவும் உடலுக்குப் பத்திரமானது என்று சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆகவே அந்தச் சாக்கு இனிச் செல்லாது!

எனக்குப் பிடித்தது அங்கே கிடைத்த திராட்சைப் பாகு. சாற்றில் சுத்தமான விறகுச் சாம்பலை இட்டுத் தெளியவைத்து, மணிக்கணக்கில் காய்ச்சிச் சுண்டவைப்பது. நம் பதநீர்ப் பாகு தோற்றது! சாற்றில் மாவு கரைத்துக் கிண்டி, இலவங்கப்பட்டைப் பொடியும் வால்நட்டும் தூவி ஒரு கூழ்கூடச் செய்கிறார்கள். சர்க்கரை ஒரு சிட்டிகை சேர்ப்பதில்லை. பேத்தி இரண்டு கிண்ணம் காலி செய்தாள்.

கீரை பறிக்கும் பாட்டி

வூவெஸில் நாங்கள் தங்கிய வீட்டுக்காரப் பாட்டிக்கு எண்பத்து மூன்று வயது. கறுப்பு உடை, தலையில் கறுப்புத் துணி. கிரேக்க மொழியில் பாட்டிக்கு ‘யாயா’ என்று பெயர். எங்கள் பேத்தி முதல் நாளே அவளை ‘யாயா பாட்டி’ ஆக்கிவிட்டாள். மருமகளுக்கு இங்கிலீஷ் தெரியும். அவள்தான் எங்களுக்கு நடுவில் மொழிபெயர்ப்பாளர்.

அக்டோபரில் முதல் மழை விழுந்ததும் காட்டுக் கீரைகள் முளைக்கும். யாயா ஒரு சிறு கத்தியும் துணிப் பையுமாகக் கிளம்பினாள். நானும் பேத்தியும் கூடப் போனோம். ஆலிவ் மரத்தடியில் குனிந்து குனிந்து பறிக்கிறாள்: ஒன்று கசப்புக் கீரை, ஒன்று முள் கீரை, ஒன்று சோம்பு வாசனை. கொல்லையில் சீசன் முடிகிற சமயத்தில் மிச்சமிருந்த ஒரு கீரையைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நம் குப்பைக்கீரை! அங்கே அதற்கு ‘வ்லீத்தா’ என்று பெயர். நம் பருப்புக் கீரையையும் தயிரிலும் பச்சடியிலும் சேர்க்கிறார்கள்.

ராத்திரி அந்தக் கீரையை வேகவைத்து, வடித்து, தட்டில் பரப்பி, மேலே எண்ணெய் விட்டாள் பாருங்கள்! ஒரு கை நீளத்துக்கு ஜாடியைத் தூக்கி, தாரையாக. எனக்கு நெஞ்சு பதைத்தது.

“என்னங்க, போதும்னு சொல்லுங்க.”

“நீயே சொல்லேன். எனக்கு கிரேக்கம் தெரியாது!” என்றார் இவர்.

மருமகள் விஷயத்தைச் சொன்னாள். யாயா இவரை ஏற இறங்கப் பார்த்தாள். “இதயமா? அப்போ இறைச்சி, வெண்ணெய், மிட்டாய் எல்லாம் விடச் சொல்லு. கீரையை ஏன் விடணும்?”

அவள் சொன்னதற்குப் பின்னால் ஒரு பெரிய ஆராய்ச்சியே இருக்கிறது. அமெரிக்க விஞ்ஞானி ஆன்ஸெல் கீஸ் 1958-ல் தொடங்கி ஏழு நாடுகளில் நாற்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வயது வரை உள்ள 12,763 பேரைப் பல வருஷம் கவனித்தார். அதில் கிரீட் கிராமத்தார் 686 பேர். அவர்கள் சாப்பாட்டில் கொழுப்பு குறைவில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி ஆலிவ் எண்ணெய். இதய நோயால் இறந்தவர்கள் மிக மிகக் குறைவு. ‘மத்தியதரைக் கடல் உணவு’ என்று இன்று உலகம் கொண்டாடுவது அங்கிருந்து வந்ததுதான். வேடிக்கை என்னவென்றால், ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட அத்தனை பேரும் ஆண்கள்! கீரை பறித்துச் சமைத்துப் போட்ட கைகளை யாரும் எண்ணவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த உணவு அவர்கள் விரும்பித் தேர்ந்ததல்ல. யுத்தத்துக்குப் பிறகு 1948-ல் கிரீட்டுக்குப் போய் வீடு வீடாக விசாரித்த அமெரிக்கக் குழுவிடம் பலர், இந்தச் சாப்பாடு போதவில்லை, இறைச்சிக்கு ஏங்குகிறோம் என்றுதான் சொன்னார்கள். யாயாவும் அதையே சொன்னாள். “நான் குழந்தையா இருந்தப்போ ஜெர்மன்காரன் ஊரைப் பிடிச்சு வெச்சிருந்தான். கீரை இல்லேன்னா நாங்க செத்திருப்போம். இறைச்சி வருஷத்துல ரெண்டு தரம். கழுதை பின்னாடி மலை ஏறி இறங்குவோம். யாருக்கு நெஞ்சு வலிக்கும்? வலிக்க நேரம் ஏது?” அவர்கள் சர்ச் வழக்கப்படி வருஷத்தில் பாதி நாளுக்குக் கிட்டே விரதம், அன்று இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. ஏகாதசி, கார்த்திகை என்று நம் பாட்டிமார் இருந்தது நினைவுக்கு வந்தது.

ஆகவே எண்ணெய் மட்டும் அவர்களைக் காப்பாற்றவில்லை. கீரை, பருப்பு, பார்லி ரொட்டி, நடை, விரதம் எல்லாம் சேர்ந்த வாழ்க்கை அது. எண்ணெயை மட்டும் பாட்டிலில் வாங்கி வந்து வடை சுட்டால் என்ன பிரயோசனம்?

இன்றைக்கு அந்த வாழ்க்கை கிரீட்டிலேயே தேய்ந்து வருகிறது. யாயாவின் கொள்ளுப்பேரன் எங்கள் எதிரில் உட்கார்ந்து வறுத்த உருளைக்கிழங்கும் சாஸேஜும் சாப்பிட்டான். கீரைத் தட்டை ஒரு விரலால் தள்ளினான். ஐரோப்பாவில் எடை மிகுந்த குழந்தைகள் அதிகமுள்ள நாடுகளில் கிரேக்கமும் ஒன்று என்று உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது. ஆரோக்கியத்துக்கு உலகமே உதாரணம் காட்டிய நாட்டில்!

மருமகள் வருத்தத்தோடு சொன்னாள்: “சீசன் முழுக்க எனக்கு ஹோட்டல் வேலை. ராத்திரி பத்து மணிக்கு வந்து நான் எங்கே கீரை ஆய்வேன்?” அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் வீட்டு மருமகள்களும் இதைத்தானே சொல்கிறார்கள்?

யாயா கத்தியைத் துடைத்து வைத்தாள். முழங்காலைத் தட்டிக் காட்டினாள். “இன்னும் ரெண்டு மழைக்காலம் குனிவேன். அப்புறம்? எது கீரை, எது விஷம்னு தெரிய ஒரு கண்ணு வேணும். அந்தக் கண்ணை நான் யாருக்குக் கொடுத்துட்டுப் போறது?”

யாரும் பதில் சொல்லவில்லை. என் மாமியாருக்குப் பதினைந்து கீரை தெரியும். எனக்கு ஏழெட்டு. என் மகளுக்குக் கடையில் உறையில் போட்டு விற்கும் பாலக் ஒன்றுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள், அடுத்த தலைமுறைக்கு எத்தனை மிஞ்சும்?

மறுநாள் காலை பேத்தி தானாகவே துணிப் பையைத் தூக்கிக்கொண்டு யாயா பின்னால் ஓடினாள். அன்று ராத்திரி, தான் பறித்த கீரை என்று இரண்டு வாய் சாப்பிட்டாள். கசக்கிறது என்று முகம் சுளித்தாள். ஆனால் துப்பவில்லை.

சமாரியாப் பள்ளத்தாக்கு

கிரீட்டுக்குப் போய் சமாரியாவைப் பார்க்காமல் வருவதா? வெள்ளை மலைகளிலிருந்து தெற்குக் கடல் வரை 16 கிலோமீட்டர் இறங்கும் பள்ளத்தாக்கு. 1962-ல் தேசியப் பூங்காவாக்கி, நடுவிலிருந்த சமாரியா கிராமத்து மக்களை வெளியே குடியேற்றினார்கள். மே முதல் அக்டோபர் முடியத்தான் திறந்திருக்கும். மழை வந்தால் மூடிவிடுவார்கள்.

மேலிருந்து இறங்க ஐந்தாறு மணி நேரம் ஆகும். எங்களுக்கு அது கட்டாது. கீழிருந்து பார்க்க ஒரு சுலப வழி இருக்கிறது. ஹோரா ஸ்ஃபாகியோன் என்ற ஊரிலிருந்து படகில் அயியா ரூமெலிக்குப் போக வேண்டும். அந்தக் கிராமத்துக்குச் சாலையே கிடையாது. அங்கிருந்து மேல்நோக்கி மூன்று நாலு கிலோமீட்டர் நடந்தால் ‘இரும்புக் கதவுகள்’ என்ற இடம். நடக்கலாம் என்று டாக்டர் ஊரிலேயே அனுமதி கொடுத்திருந்தார். நாங்கள் மாத்திரை, தண்ணீர், தொப்பி சகிதம் கிளம்பினோம்.

வழி முழுக்க உருளைக் கற்கள். ஓடையைப் பலகைப் பாலங்களில் தாண்ட வேண்டும். பாதி வழியில் இவர் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். வியர்வை. எனக்கு மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்த ராத்திரி கண் முன்னால் வந்தது. கையைப் பிடித்து நாடி பார்த்தேன். வலி இல்லை, மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான் என்றார்.

“அப்பா, திரும்பிடலாமா?” என்றாள் மகள்.

“கால் மணி நேரம் குடு. இல்லேன்னா நானே திரும்பிடறேன்.”

நிழலில் உட்கார்ந்தோம். ஒரு கிரி-கிரி, அந்தத் தீவுக்கே உரிய காட்டாடு, எதிர்ப் பாறையில் நின்று எங்களை வேடிக்கை பார்த்தது. எழுந்தார். அதன்பின் அவர் வேகத்துக்கு நாங்கள் நடந்தோம்.

இரும்புக் கதவுகள் வந்தன. இரண்டு பக்கமும் முந்நூறு மீட்டர் உயரப் பாறைச் சுவர். நடுவில் நாலு மீட்டர் இடைவெளி. கீழே ஓடை, மேலே ஒரு கீற்று வானம். இவர் ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். ‘இனி மாடிப்படி கூட வேண்டாம்’ என்று தமக்குத் தாமே முடிவு கட்டியிருந்த மனிதர். நான் ஒன்றும் பேசவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பாறை இடுக்குகளில் பஞ்சு போன்ற இலையோடு ஒரு செடி தொங்குகிறது. ‘திக்தமோ’ என்பார்கள். கிரீட்டைத் தவிர வேறெங்கும் காடாக வளர்வதில்லை. நம் கதம்பத்தில் சேர்க்கும் மருவுக்கு உடன்பிறப்பு. அம்பு பட்ட காட்டாடு இதைத் தின்று அம்பை உதிர்த்துவிடும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். இப்போது தோட்டத்தில் பயிரிட்டுக் கஷாயம் போட்டுக் குடிக்கிறார்கள். முன்பெல்லாம் செங்குத்துப் பாறையில் தொங்கித்தான் பறிக்க வேண்டும். உயிர் விட்டவர்களும் உண்டாம்.

நேரமிருப்பவர்கள் கூர்னாஸ் ஏரிக்கும் ஒரு நடை போகலாம். மலையடிவாரத்தில் நீலமும் பச்சையுமாக நன்னீர் ஏரி. குழந்தைகளுக்கு ஆமை பார்க்கக் கொண்டாட்டம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

ஷெங்கன் விசா வேண்டும். தீவு பெரியது, ஒரே ஊரில் தங்காமல் மேற்கில் சில நாள், நடுவில் சில நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஊர்களுக்கு நடுவே பஸ் வசதி உண்டு. தோட்டங்களுக்குக் கார்தான் சௌகரியம்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் ‘நிஸ்தீசிமோ’ என்று கேளுங்கள். விரதச் சாப்பாடு என்று அர்த்தம். இறைச்சி, பால், முட்டை இராது. ஆனால் கணவாய், இறால் விரதத்துக்கு ஆகும் என்பது அவர்கள் கணக்கு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ‘நே’ என்றால் ஆமாம், ‘ஓஹி’ என்றால் வேண்டாம். தட்டில் மேலும் மேலும் போடும்போது ‘ஓஹி’ மிகவும் உபயோகப்படும்!

நடைக்குச் செருப்பு உதவாது. நல்ல ஷூ அவசியம். இதய நோய், மூட்டு வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் பள்ளத்தாக்கில் இறங்க வேண்டாம். திரும்பும் படகு நேரத்தை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். சீசன் முடியும்போது படகுகள் குறைவு.

நம் வீட்டில் கிரீட் கீரை

தேவை: முளைக்கீரை, குப்பைக்கீரை அல்லது பருப்புக் கீரை ஒரு கட்டு, உப்பு, அரை மூடி எலுமிச்சம்பழம், எண்ணெய் இரண்டு டீஸ்பூன்.

கீரையை நன்றாக அலசி, கொதிக்கும் உப்பு நீரில் போட்டு ஐந்தாறு நிமிஷம் வேகவிடுங்கள். மூட வேண்டாம், பச்சை நிறம் போகாது. வடித்துத் தட்டில் பரப்பி, எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விடுங்கள். தாளிதம் கிடையாது. வடித்த நீரில் எலுமிச்சை பிழிந்து அவர்கள் குடித்துவிடுகிறார்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் பருப்புக் கீரையைத் தவிர்க்கலாம்.

ஆலிவ் எண்ணெய்தான் வேண்டும் என்பதில்லை. நம் நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் பெரும்பகுதி இதயத்துக்கு உகந்த, நிறைவுறாத கொழுப்புதான். அளவை மட்டும் மறக்க வேண்டாம். எங்கள் வீட்டில் கரண்டிக் கணக்கு இன்றும் அப்படியே இருக்கிறது; மாத்திரையும் நிற்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் என்றிருந்த கீரை நாலு நாளாகியிருக்கிறது. காலையில் இவர் நடந்துபோய் அவரே வாங்கி வருகிறார்.

விடுமுறைக்கு வரும் பேத்திக்கு ஆறு கீரையாவது பெயரோடு அடையாளம் காட்டிவிட வேண்டும் என்று கொல்லையில் பாத்தி கட்டியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு தொட்டி மண் போதும். ஒரு பிடி விதை தூவி, குழந்தை கையாலேயே பறிக்கச் சொல்லுங்கள்.